மலையில் வீட்டு அபாயக் கழிவைச் சேகரிக்கும் நாள்: முதலில் எதைச் செய்ய வேண்டும்?

கேட்டவர்: குன்னூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். குன்னூரில் நாங்கள் வசிக்கும் சரிவில் ஏறத்தாழ 60 வீடுகள் உள்ளன. என் மாமனார் காலமான பிறகு, அவர் பல ஆண்டுகளாகப் பூட்டியே வைத்திருந்த பின்கட்டு அறையைத் திறந்து ஒழுங்குபடுத்த நேர்ந்தது. உள்ளே எரிந்துபோன டியூப்லைட்டுகள் பதினான்கு, சி.எஃப்.எல். பல்புகள் ஒரு பெட்டி, பாதிக்குமேல் காய்ந்துபோன எனாமல் பெயிண்ட் டப்பாக்கள், தின்னர், உருளைக்கிழங்குத் தோட்டம் வைத்திருந்த காலத்துப் பூச்சிமருந்துப் புட்டிகள், எலி மருந்து, பழைய இன்வெர்ட்டர் பேட்டரி, ஒரு தகர டப்பா நிறைய பென்சில் பேட்டரிகள், என் மாமியாருக்கு வாங்கிய இன்சுலின் ஊசிகள், காலாவதியான மாத்திரைகள், பஞ்சு சுற்றிய ஒரு பாதரசத் தெர்மாமீட்டர் ஆகியவை இருந்தன. இவற்றில் ஒன்றைக்கூட மக்கும் குப்பை என்றோ மக்காத குப்பை என்றோ என்னால் பிரிக்க இயலவில்லை.

அக்கம்பக்கத்தில் பேசியபோதுதான், ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் இப்படி ஓர் அறையோ அலமாரியோ இருப்பது தெரிந்தது. இதுவரை என்ன செய்து வந்தீர்கள் என்று கேட்டேன். பின்னாலுள்ள பள்ளத்தில் போட்டுவிட்டதாக ஒருவர் சொன்னார். குளிர்காலத்தில் சருகோடு சேர்த்துக் கொளுத்தியதாக இன்னொருவர் சொன்னார். பெரும்பாலோர் குப்பை வண்டியில் மற்றதோடு கலந்து கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவுக்குக் குப்பை எடுக்க வரும் அம்மையாரின் உள்ளங்கையில், பையைத் தூக்கும்போது ஊசி குத்தி, அவர் மூன்று மாதம் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்குமாக அலைந்தார். அந்த ஊசி எந்த வீட்டிலிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம் என்ற எண்ணம் என்னை இன்னும் விடவில்லை.

எனவே, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, இத்தகைய பொருள்களை எல்லாம் சங்கக் கூடத்தில் பெற்றுக்கொண்டு, முறையாக அனுப்பிவைக்கலாம் என்று நினைக்கிறேன். என் கணவருக்கு இதில் ஓர் அச்சம் உண்டு. சேர்த்து வைத்தபின் எடுத்துச் செல்ல யாரும் வராவிட்டால், 60 வீடுகளில் சிதறிக் கிடந்த நஞ்சை நாமே ஓரிடத்தில் குவித்தவர்கள் ஆகிவிடுவோம் என்கிறார். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மறுமொழி: உதகை, ஓய்வுபெற்ற சுகாதார மேற்பார்வையாளர்

வணக்கம் அம்மா. தங்கள் கணவர் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பணியில் இருந்த காலத்தில் அவர் அஞ்சுவது நடந்ததை நானே கண்டிருக்கிறேன். நல்லெண்ணத்தோடு ஒரு சங்கத்தார் சேகரித்த பேட்டரிகளும் டியூப்லைட்டுகளும், கொண்டுசெல்ல ஆளின்றி ஒரு மழைக்காலம் முழுவதும் மாடிப்படிக்குக் கீழே கிடந்து, பேட்டரிகள் பொங்கி வழிந்து, கடைசியில் யாரோ ஒருவர் இரவோடு இரவாகப் பள்ளத்தில் கொட்டிவிட்டார். ஆகவே நாளைக் குறிப்பதற்கு முன்பே, ஒவ்வொரு வகைப் பொருளும் தங்கள் கூடத்திலிருந்து யார் கைக்குப் போகும் என்பதை எழுத்தில் பெற்றுவிடுங்கள். எந்தப் பொருளுக்குப் போகும் வழி கிடைக்கவில்லையோ, அந்தப் பொருளை அந்த முறை பெற வேண்டாம்.

சட்டம் தங்கள் பக்கம் இருக்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், பெயிண்ட் டப்பா, பூச்சிமருந்துப் புட்டி, சி.எஃப்.எல். பல்பு, டியூப்லைட், காலாவதியான மருந்து, உடைந்த பாதரசத் தெர்மாமீட்டர், பயன்படுத்திய பேட்டரி, ஊசி ஆகியவற்றை வீட்டு அபாயக் கழிவு என்று பெயர் சொல்லியே வகைப்படுத்தின. வீட்டார் இதனை மூன்றாவது வகையாகத் தனியே பிரித்துத் தர வேண்டும் என்றும், உள்ளாட்சி அமைப்பு 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று வீதம், அதற்குக் குறைந்த பரப்பாயினும் ஒன்று, பெறும் மையம் அமைத்து அதன் நேரத்தை அறிவிக்க வேண்டும் என்றும், அங்கிருந்து உரிய இடத்துக்குப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்க்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. எனவே நகராட்சி ஆணையருக்கு எழுதும் கடிதத்தில் உதவி கேட்பவர்போல் எழுத வேண்டாம். மையம் எங்கே இயங்குகிறது, எந்த நாளில் எங்கள் பொருளைப் பெறுவீர்கள், வண்டி அனுப்புவீர்களா அல்லது நாங்கள் கொண்டுவர வேண்டுமா என்று கேளுங்கள். நகலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பதில் வரச் சில வாரங்கள் ஆகலாம்; அதுவரை விளம்பரத் தாள் அச்சடிக்க வேண்டாம்.

மலைக்கென்று அதே விதிகளில் ஒரு தனிப் பகுதி இருந்தது. மலைமேல் குப்பை நிரப்பும் நிலம் அமைப்பதைத் தவிர்த்து, மிஞ்சும் கழிவைச் சமவெளியில் 25 கிலோமீட்டருக்குள் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது அது. இதன் காரணத்தைத் தங்கள் சரிவில் நின்று பார்த்தாலே அறியலாம். நம் வீட்டுப் பின்பள்ளத்தில் விழுவது மழையில் ஓடைக்கு இறங்குகிறது. ஓடை குன்னூர் ஆற்றில் சேர்கிறது. ஆறு மேட்டுப்பாளையத்துக்கு அருகே பவானியில் கலக்கிறது. கீழே அந்த நீரைக் குடிப்பவர்களுக்கு, நம் பின்கட்டு அறையில் என்ன இருந்தது என்று தெரிய வழியில்லை.

அடுத்து, 60 வீட்டுப் பொருளும் ஒரே கூடத்துக்கு வரத் தேவையில்லை. வாங்கிய வழியிலேயே திரும்பக்கூடியவற்றை முதலில் திருப்பிவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதியது விற்கும் கடையிலேயே பழைய பொருளுக்கான விலை தந்து எடுத்துக்கொள்வார்கள். அதனுள் இருக்கும் ஈயத்துக்கு மதிப்புண்டு. அதை நிமிர்த்தியபடியே கொண்டுசெல்லுங்கள், சாய்த்தால் அமிலம் கசியும். பழைய இரும்புக் கடையில் கொடுத்தால் சில ரூபாய் கூடக் கிடைக்கலாம், ஆனால் அங்கே யாரோ ஒரு சிறுவன் சுத்தியலால் உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றுவான். 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளும் மின்னணுக் கழிவு விதிகளும், தயாரித்து விற்றவர்களே திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு என்று வைத்திருக்கின்றன. பழைய தொலைக்காட்சிப் பெட்டி, கைபேசி, பென்சில் பேட்டரி ஆகியவற்றுக்கு இந்த வழியைக் கேட்டுப் பெறுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் பழக்கம் நம் மாவட்டத்துக்குப் புதிதன்று. மதுப் புட்டிகள் காட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிப்பதைத் தடுக்க, சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவின்படி 2022 மே மாதம் நீலகிரியில்தான் முதலில், புட்டிக்கு 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலிப் புட்டியைத் தந்தால் திருப்பித் தரும் முறை வந்தது. சாலையோரம் கிடந்த புட்டிகளைப் பிறர் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். டியூப்லைட்டுக்கும் பேட்டரிக்கும் அப்படி ஒரு 10 ரூபாய் இருந்தால் நம் பள்ளங்கள் எவ்வளவு சுத்தமாகும் என்று நான் பலமுறை எண்ணியிருக்கிறேன்.

நாளைப் பற்றி ஒரு சொல். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. சித்திரை, வைகாசியில் சுற்றுலாப் பயணிகளின் வாகனங்களால் சாலையில் நகர முடியாது. மாசி மாதம் பொருத்தம். அதற்கு இரண்டு வாரம் முன்பே வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்து, யாரிடம் என்ன, எத்தனை இருக்கிறது என்று எழுதி வாங்கிவிடுங்கள். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் நகராட்சியோடும் வண்டிக்காரரோடும் பேச முடியும்.

மறுமொழி: கொடைக்கானல், மின்பணியாளர்

குன்னூர் அம்மாவுக்கு வணக்கம். தங்கள் பட்டியலில் கடைசியாக, பஞ்சு சுற்றிய நிலையில் இருக்கும் அந்தத் தெர்மாமீட்டரைப் பற்றி மட்டும் விரிவாக எழுத விரும்புகிறேன்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் முகம் மாறும். 1983-இல் அமெரிக்காவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட தெர்மாமீட்டர் ஆலை ஒன்று இங்கே இயங்கியது. பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகள் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் குவிந்து கிடப்பது 2001 மார்ச்சில் வெளிச்சத்துக்கு வந்தபின் ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் கழிவு மீண்டும் அமெரிக்காவுக்கே கப்பலேற்றப்பட்டது. ஆலை நின்ற மேட்டுக்குக் கீழே பாம்பார் சோலை. அந்த நீர் கும்பக்கரை அருவியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. வேலை செய்தவர்கள் நியாயம் கேட்டு 15 ஆண்டுகள் போராடி, 2016-இல்தான் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு வீட்டுத் தெர்மாமீட்டரை அதோடு ஒப்பிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் பழைய சாமான் கடைக்குப் போனால் பொருள் ஒழிந்துவிட்டது என்று நாம் எண்ணும் அதே எண்ணம்தான் அங்கேயும் இருந்தது.

அளவைச் சொல்கிறேன். ஒரு சி.எஃப்.எல். பல்பில் பெரும்பாலும் 5 மில்லிகிராமுக்கு மேற்படாத பாதரசம் இருக்கும். ஒரு காய்ச்சல் தெர்மாமீட்டரில் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை இருக்கும். அதாவது தங்கள் அலமாரியிலுள்ள அந்த ஒரே குச்சி, 100 முதல் 200 பல்புகளுக்குச் சமம். பெட்டி நிறைய இருக்கும் பல்புகளைப் பார்த்து அஞ்சி, தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருபவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அதை அகலவாய்க் கண்ணாடிச் சீசாவில் பஞ்சோடு வைத்து, மூடியை இறுக்கி, வெளியே பெயரெழுதி, குழந்தைகளுக்கு எட்டாத குளிர்ந்த இடத்தில் வைத்திருங்கள்.

உடைந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் தாளில் அச்சடித்துக் கொடுங்கள். முதலில் குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் நாய், பூனையையும் அறையிலிருந்து வெளியேற்றுங்கள். சன்னலைத் திறந்துவிடுங்கள். குளிர் என்று சன்னலை மூடிக் கணப்பை ஏற்றுவது நம் மலைவீடுகளின் வழக்கம். அன்றைக்கு அது கூடவே கூடாது, சூடு கூடக்கூடப் பாதரசம் ஆவியாவது மிகும், அந்த ஆவிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. துடைப்பத்தால் பெருக்கினால் மணிகள் சிதறி இன்னும் சிறியவையாகும். இரண்டு தடித்த அட்டைகளால் மணிகளை ஒன்றுசேர்த்து, சீசாவில் எடுத்து, எஞ்சிய பொடியை ஒட்டும் நாடாவால் ஒற்றியெடுங்கள். கைவிரல் மோதிரத்தையும் வளையலையும் முன்னதாகவே கழற்றி வையுங்கள், பாதரசம் தங்கத்தோடு உடனே கலந்து அதைக் கெடுத்துவிடும். பழைய பங்களாக்களில் மரத்தளம் உண்டு. பலகை இடுக்கில் இறங்கிய மணி அங்கேயே பல ஆண்டுகள் கிடந்து ஆவியாகிக்கொண்டிருக்கும் என்பதால், மரத்தளம் உள்ளவர்கள் இடுக்குகளை விளக்கு வைத்துத் தேட வேண்டும். துடைத்த துணியைத் துவைக்காமல் அதே சீசாவிலோ பையிலோ சேர்த்து மூடுங்கள்.

பல்பு உடைந்தாலும் முறை இதுவே. சன்னலைத் திறந்து, பத்து நிமிடமாவது வெளியே இருந்துவிட்டுப் பிறகு உள்ளே போங்கள். சேகரிப்பு நாளுக்கு டியூப்லைட்டைக் கொண்டுவருபவர்கள், வாங்கியபோது வந்த அட்டை உறை இருந்தால் அதிலேயே போட்டுக் கொண்டுவரட்டும். இல்லாவிட்டால் செய்தித்தாளில் தனித்தனியே சுற்றலாம். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் உடையும். என் தொழிலில் நான் கற்றது இது: மேட்டுப்பாளையம் சாலையைப் போன்ற கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி திரும்பும்போது, சரியாகக் கட்டப்படாத டியூப்லைட் பெட்டி ஒன்றுகூட முழுதாகக் கீழே போய்ச் சேராது. மரத்தூள் நிரப்பிய பெட்டியில் நிமிர்த்தி வைத்து அடுக்குங்கள்.

குன்னூர்வாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆணையருக்கான கடிதத்தை இன்றே எழுதத் தொடங்கிவிட்டேன். தெர்மாமீட்டர் இப்போது ஊறுகாய்ச் சீசாவுக்குள் இருக்கிறது. பூச்சிமருந்துப் புட்டிகளில் மூன்றில் பெயர்த்தாள் உரிந்துபோயிருக்கிறது, ஒன்றில் அரைப்புட்டி மருந்து மிச்சம் உள்ளது. ஊசி, மாத்திரை விஷயமும் இன்னும் தெளிவாகவில்லை. இவற்றைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

மறுமொழி: கோத்தகிரி, காய்கறி விவசாயி

வணக்கம் அக்கா. பெயர்த்தாள் உரிந்த புட்டியைத் திறக்கவோ முகர்ந்து பார்க்கவோ வேண்டாம். எங்கள் ஹட்டியில் (படகர் ஊரில்) நான் சிறுவனாக இருந்தபோது, கேரட்டுக்கு அடிக்கும் மருந்தில் மிஞ்சியதை என் பாட்டனார் சர்பத் புட்டியில் ஊற்றி மாட்டுக் கொட்டகைத் திண்டில் வைத்திருந்தார். என் தம்பி தாகத்தில் ஒரு மிடறு குடித்துவிட்டான். உடனே தூக்கிக்கொண்டு ஓடியதால் பிழைத்தான், ஆனால் அந்த இரவை என் தாயார் இன்றுவரை சொல்லி அழுவார். அதனால் சேகரிப்பு நாளின் தாளில், எந்த மருந்தையும் வேறு புட்டிக்கு மாற்றாமல் அதே புட்டியில் கொண்டுவாருங்கள் என்ற ஒரு வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். கசிகிற புட்டியாக இருந்தால் அதை அப்படியே ஒரு பெரிய வாளியில் மணலுக்குள் இறக்கி, வாளியோடு கொண்டுவரலாம்.

பெயர்த்தாள் இருக்கும் புட்டிகளில் ஒரு சதுரத்துக்குள் நிறமுள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு; மஞ்சள் அதற்கு அடுத்தது; பிறகு நீலம்; பச்சை எல்லாவற்றிலும் குறைந்தது. கூடத்தில் பெற்றுக்கொள்ளும்போது சிவப்பையும் மஞ்சளையும் தனிப் பெட்டியில் வையுங்கள். பழைய அறைகளில் எண்டோசல்பான் இருப்பதும் உண்டு. அதை உச்ச நீதிமன்றம் 2011-லேயே தடை செய்துவிட்டது, எனவே மிச்சத்தை யாருக்கும் தோட்டத்துக்கென்று கொடுத்துவிட வேண்டாம். தடையில்லாத மருந்து, காலாவதியாகாமல், மூடி பிரிக்கப்படாமல் இருந்தால் மட்டும் விற்ற கடையில் கேட்டுப் பாருங்கள்.

காலிப் புட்டிகளைப் பற்றி விவசாயிகளுக்கே பல பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. காலியானவுடன் கால் பங்கு நீர் ஊற்றி, மூடிக் குலுக்கி, அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிவிட வேண்டும். இப்படி மூன்று முறை. கழுவிய நீர் வாய்க்காலுக்குப் போகாமல் பயிருக்கே போகும், மருந்தும் வீணாகாது. பிறகு புட்டியின் அடியில் துளையிட்டுவிட்டால், எண்ணெய் வாங்கவோ தண்ணீர் பிடிக்கவோ யாரும் எடுக்க மாட்டார்கள். ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த பழைய புட்டியை இப்போது கழுவ முற்படாதீர்கள், அந்த நீரை ஊற்ற இடமில்லை. அப்படியே மூடி ஒப்படையுங்கள்.

எலி மருந்திலும் எச்சரிக்கை தேவை. தானியத்தில் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற நச்சுவாயுவை வெளிவிடும். நம் பக்கத்து மூடுபனியும் ஈரச்சுவரும் அதற்குப் போதும். அத்தகைய டப்பா இருந்தால் வீட்டுக்குள் வைத்துக் கிளற வேண்டாம். வேளாண் அலுவலரை அழைத்துக் காட்டி, அவர் சொல்லும்படி எடுக்கச் செய்யுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதல்நாள் மாலையே பைகளைக் கூடத்து வாசலில் வைத்துவிட்டுப் போகும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. கோத்தகிரியில் கரடியும், உங்கள் குன்னூரில் காட்டுமாடும் இரவில் குப்பையைக் கிளறுவதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பொருளை வாசலில் வைக்கக் கூடாது, ஆள் கையில்தான் தர வேண்டும் என்று கண்டிப்பாக இருங்கள்.

மறுமொழி: கூடலூர், மருந்தாளுநர்

வணக்கம். ஊசியைப் பற்றி முதலில். பயன்படுத்திய இன்சுலின் ஊசியின் முனைக்கு மீண்டும் மூடி போட முயலும்போதுதான் வீட்டாருக்கே குத்துகிறது. திருகுமூடியுள்ள தடித்த பிளாஸ்டிக் டப்பா ஒன்றை, துணி சோப்புத் திரவம் வரும் டப்பாவைப் போன்றதை, சர்க்கரை நோயாளி உள்ள ஒவ்வொரு வீட்டிலும் இப்போதே வைக்கச் சொல்லுங்கள். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடி, நாடா சுற்றி, ஊசி என்று எழுதிவிட வேண்டும். இதை நகராட்சி மையம் ஏற்கும். இல்லையேல் அருகிலுள்ள மருத்துவமனையிடம், அவர்களது மருத்துவக் கழிவை எடுத்துச் செல்லும் வண்டியில் சேர்க்க முன்கூட்டியே ஒப்புதல் பெறுங்கள். சேகரிப்பு நாளில் உதவுபவர்கள் தடித்த கையுறை அணிந்து, எந்த டப்பாவையும் திறந்து எண்ணாமல் பெற வேண்டும். தங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர்களுக்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசியின் மூன்று தவணையும் போடப்பட்டிருக்கிறதா என்று சங்கம் விசாரித்துப் பார்ப்பது நல்லது.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரிக்காமல் வெளிப்பெட்டியை மட்டும் நீக்கிக் கொண்டுவரச் சொல்லுங்கள். நோயாளியின் பெயரெழுதிய சீட்டைக் கிழித்துவிடலாம். கழிவறையில் கொட்டினால் நம் மலையில் அது ஊறுகுழி வழியாக ஊற்றுநீருக்குத்தான் போகும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து அப்படி மண்ணுக்கும் நீருக்கும் போவது, கிருமிகளுக்கு எதிர்ப்பைப் பழக்கிக் கொடுப்பதாகும். எல்லைக்கு அப்பால் கேரளத்தில், பயன்படுத்தாத மருந்துகளை வீடுகளிலிருந்து திரும்பப் பெறும் திட்டத்தை அம்மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025-இல் கோழிக்கோட்டில் தொடங்கியது. கூடலூரிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் உள்ள ஊரில் நடப்பதை நம் மாவட்டத்திலும் நடத்தக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆஸ்துமாக்காரர்களின் அழுத்தக் குப்பிகளை (இன்ஹேலர்) நெருப்புக்கு அருகே வைத்தால் வெடிக்கும், தனியே வாங்குங்கள். புற்றுநோயாளிகளுக்குத் தரப்படும் கடும் வலிமருந்துகளைப் பொதுப்பெட்டியில் வாங்கவே வேண்டாம், தந்த மருத்துவமனையிலேயே நேரில் ஒப்படைக்கட்டும்.

மாட்டுக் கொட்டகை வைத்திருப்போர் கொண்டுவரும் ஊசிமருந்துக் குப்பிகளில் டைக்ளோபினாக் என்ற வலிமருந்து இருக்கிறதா என்று பாருங்கள். கால்நடைகளுக்கு அது 2006-லேயே தடை செய்யப்பட்டது, ஏனெனில் அந்த ஊசி போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. மனிதருக்கான பெரிய குப்பிகளை மாட்டுக்குப் பயன்படுத்தியதால், 2015-இல் குப்பியின் அளவையே 3 மில்லிலிட்டராகக் குறைத்தார்கள். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்றும் கூடுகட்டும் அந்தப் பறவைகளுக்காக, பழைய பெரிய குப்பி ஒன்று கிடைத்தாலும் அதைத் திரும்பிப் போகவிடாமல் பெற்றுக்கொள்ளுங்கள்.

மறுமொழி: உதகை, ஓய்வுபெற்ற சுகாதார மேற்பார்வையாளர்

கூடத்தைப் பற்றி நான் எழுத விட்டது: சமமான சிமெண்டுத் தரையும் மேற்கூரையும் இருந்து, இரு பக்கமும் காற்று வரும் இடமாக, சாக்கடை வாய்க்காலிலிருந்து தள்ளி இருக்கட்டும். மணல் வாளிகள், சோப்பு, நிறைய தண்ணீர் வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிட்டையும் கூடத்தின் எதிரெதிர் மூலைகளில் வையுங்கள்; இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். தின்னர், மண்ணெண்ணெய் இருக்கும் மூலையில் கணப்பும் பீடியும் கூடாது. கைபேசி பேட்டரி உப்பியிருந்தால் மணல் வாளிக்குள் தனியே. மற்ற பேட்டரிகளின் இரு முனைகளிலும் நாடா ஒட்டிய பிறகே பெட்டியில் போட வேண்டும், ஒன்றோடொன்று உரசித் தீப்பிடித்த வண்டிகள் உண்டு. பொத்தான் அளவுள்ள சிறு பேட்டரிகளைக் குழந்தைகள் விழுங்கினால் உணவுக்குழல் சில மணி நேரத்தில் வெந்துவிடும் என்பதால், மேசைமேல் ஒன்றும் சிதறிக் கிடக்கக் கூடாது.

பெயிண்டில், தண்ணீரில் கரையும் வகை நல்ல நிலையில் இருந்தால் பள்ளிச் சுவருக்கோ நிழற்குடைக்கோ பூசித் தீர்த்துவிடலாம். பழைய எனாமலை அப்படிச் செய்ய வேண்டாம். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய டப்பாக்களில் எவ்வளவு இருக்கும் என்று சொல்ல முடியாது.

குன்னூர்வாசி:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்ததில் 60 வீடுகளில் 47 வீடுகள் நிரப்பித் தந்தன. எதிர்பார்த்ததைவிட டியூப்லைட் அதிகம், பூச்சிமருந்து குறைவு. மொத்தம் ஒன்பது தெர்மாமீட்டர்கள் இருக்கின்றன. ஒன்பது வீட்டுக்கும் நானே போய்ச் சீசா கொடுத்துவிட்டு வந்தேன். பேட்டரிக் கடைக்காரர் ஐந்து இன்வெர்ட்டர் பேட்டரிகளை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொண்டார். ஊசிகளைப் பெற ஒரு மருத்துவமனை எழுத்தில் ஒப்புதல் தந்திருக்கிறது. டியூப்லைட், பேட்டரி, மருந்து ஆகிய மூன்றையும் பெறும் நாளை நகராட்சியிலிருந்து குறித்துத் தந்துவிட்டார்கள். பூச்சிமருந்துக்கும் எனாமலுக்கும் இன்னும் பதில் வரவில்லை. எனவே ஐயா சொன்னபடி, அந்த இரண்டையும் இந்த முறை வாங்கப் போவதில்லை என்று தாளில் அச்சடித்துவிட்டோம். அவை அந்தந்த வீட்டிலேயே பூட்டிய அலமாரியில், தரையிலிருந்து உயரத்தில் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஊசி குத்திய அம்மையாரிடம் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு, கையுறைகள் எந்தக் கடையில் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். சங்கம் வாங்கிய மெல்லிய கையுறையில் ஊசி நுழைந்துவிடும் என்று அவர் சொன்ன பிறகு, தடித்த தோல் கையுறைகளாக மாற்றிக்கொண்டோம்.

மறுமொழி: உதகை, ஓய்வுபெற்ற சுகாதார மேற்பார்வையாளர்

மிகச் சரியாகச் செய்திருக்கிறீர்கள் அம்மா. பூச்சிமருந்து வைத்திருக்கும் வீடுகளின் பட்டியலைத் தேதியோடு ஒரு நகல் எடுத்து, இரண்டாவது கடிதத்தோடு இணைத்து அனுப்புங்கள். எத்தனை புட்டி, எத்தனை லிட்டர் என்று எண்ணிக்கையோடு வரும் கடிதத்துக்கு அலுவலகத்தில் பதில் எழுதியே ஆக வேண்டும். ஒப்படைக்கும் நாளில், பெற்றுக்கொண்டவரிடம் பொருள்வாரியாகக் கையொப்பமிட்ட ரசீது ஒன்றை வாங்கிச் சங்கக் கோப்பில் வையுங்கள்.